முச்சந்தியில் கேப்டன்

மோட்டார் சைக்கிள் பயணத்துக்கு அக்காவும் வருகிறாள் என்று போன வாரம் முடிவானதிலிருந்து வீட்டில் இரண்டு பேருக்குத் தூக்கம் இல்லை. ஒருவர் அவள் கணவர். இன்னொருவன் அவள் தம்பி.

பின்சீட்டில் மனைவி உட்கார்ந்தால் படத்தில் கம்பீரம் குறையுமே என்பது கணவரின் கவலை. தம்பியின் கவலை வேறு. அவன் பழிவாங்கக் கிளம்பியவன். அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா புருஷனைப் பழிவாங்குவது கொஞ்சம் சங்கடமான வேலை.

கணவர் ஊருக்குள் பல் டாக்டர், சாலையில் கேப்டன். அந்தப் பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே ஜாக்கெட்டின் முதுகில் தைக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்தது அக்கா. தையற்கடை வைத்திருப்பதால் மோட்டார் சைக்கிள் சங்கத்தின் ஜாக்கெட்டுகள் எல்லாவற்றிலும் கழுகு தைக்கிற பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. துணியில் தைத்தபோது கழுகாகத்தான் இருந்தது. உறுப்பினர்கள் மாட்டிக்கொண்டதும் முதுகுச் சதையில் அகன்று, அடைகாக்கும் கோழியாகிவிட்டது. அதற்குத் தையல்காரி என்ன செய்வாள்?

கேப்டனின் வண்டியில் பக்கக் கண்ணாடிகள் கிடையாது. கழற்றிவிட்டார்.

"தலைவன் பின்னாடி பாக்கக் கூடாது. பின்னாடி வர்றவன்தான் தலைவனைப் பாக்கணும்" என்பார். பல் பிடுங்கும்போதும் இதைச் சொல்வார். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், தான் சொல்லும் எதற்கும் மறுப்பே இல்லை என்பது அவருடைய அனுபவம்.

பின்னால் பார்க்காத தலைவருக்கு வசதியாகச் சங்கத்தில் ஒரு விதி. சாலை பிரியும் இடத்தில் இரண்டாவதாக வருகிறவர் வண்டியை நிறுத்தி, போகவேண்டிய பக்கம் கையை நீட்டி நிற்க வேண்டும். எல்லோரும் கடந்து, கடைசி வண்டியும் வந்து தலையசைத்த பிறகுதான் நகரலாம். அதற்கு முன் நகர்ந்தவர் சங்கத்தைவிட்டே நகர வேண்டியதுதான்.

போன வருடம் முச்சந்தியில் அப்படி நின்றவன் தம்பி. கடைசி வண்டி வரவேயில்லை. அந்த இடத்தில் போன் எடுக்காது. உச்சி வெயிலில் நீட்டிய கை, சாயங்காலம் கேப்டன் ஒரு காரில் வந்து இறங்கும்வரை நீட்டியபடியே இருந்தது. கேப்டன் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அதற்கு முன் வீடியோ எடுத்தார்.

அன்றிலிருந்து தம்பிக்குப் பெயர் 'கைகாட்டி'. சங்கக் கூட்டத்தில் அந்தக் கதை, கல்யாண வீட்டில் அந்தக் கதை, பல் பிடுங்கும் நாற்காலியில் அந்தக் கதை. நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரின் மகள் தம்பியிடம் வேதியியல் படிக்கிறவள். மறுநாள் அவன் வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது கைகள் ஒரே பக்கம் நீண்டன. அதற்குப் பிறகு அவன் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. அந்தப் பள்ளியை விட்டுவிட்டான். இப்போது வேறு பள்ளி. அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்தப் புதுப் பள்ளியின் தாளாளர் இந்த வருடம் மோட்டார் சைக்கிள் வாங்கினார். சங்கத்தில் சேர்ந்தார். இதோ, பெட்ரோல் பங்கில் புதுக் கழுகோடு நிற்கிறார். இன்று சாயங்காலம் மலையூரில் சங்கத்தின் ஆண்டு விருந்து. மேடை உண்டு, திரை உண்டு, கேப்டன் கையில் மைக் உண்டு. வீடியோவும் உண்டு.

---

"மாப்ளே, கைகாட்டி! இந்த வருஷமும் ஒரு கை பாத்துடுவோமா?" என்று கேப்டன் தோளில் தட்டினார். மற்றவர்கள் சிரித்தார்கள். தாளாளர் புரியாமல், மரியாதைக்குச் சிரித்தார்.

"இந்த வருஷம் நான் கடைசி வண்டி மாமா. நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"சபாஷ்! அடி வாங்கினாதான் பொறுப்பு வரும்."

கேப்டன் பயண உரை ஆற்றப் போனார். பெட்ரோல் போட வந்த ஒருவர், அரசியல் கூட்டமோ என்று பயந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அக்கா தம்பியைக் காற்றடிக்கும் இடத்துக்கு ஓரம் கட்டினாள்.

"என்னடா பண்ணப் போறே?"

"ஒண்ணும் இல்லையே."

"உனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தவ நான். நீ கிளட்சைப் பிடிக்கிற பிடியிலேயே தெரியுது. சொல்லு."

தம்பி காற்றழுத்த முள்ளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அதே முச்சந்தியில அவர் நிக்கணும். கையை நீட்டிக்கிட்டு, வெயில்ல. நான் போட்டோ எடுக்கணும். அவர் வீடியோ போட்டா நான் என் போட்டோவைப் போடுவேன். அப்புறம் எவனும் என்னைப் பாத்து மட்டும் சிரிக்க முடியாது."

"அவர் முதல் வண்டிடா. முதல் வண்டி எங்கயும் நிக்காது."

"அதான் இடிக்குது. டாங்குல கலக்குறதுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன். வண்டி சரியா முச்சந்திகிட்ட போய்ப் படுத்துக்கும். நீதான் வந்து பின்சீட்டுல உக்காந்துட்டியே."

"அதுக்குத்தானே உக்காந்தேன்."

"அக்கா!"

"அவர் வேணும்னு பண்ணலடா. நான் கேட்டுட்டேன். கடைசி வண்டிக்காரர் வழி தவறிட்டார், மேல விருந்து மும்முரத்துல உன்னை எண்ண மறந்துட்டோம்னு என் தலையில கையை வெச்சு சத்தியம் பண்ணினார்."

"உன் தலையிலயா? அவர் தலைக்கு ஒண்ணும் ஆகாதில்ல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "கோமாளித்தனம் பண்ணுவார். கெட்டவர் இல்ல. வீடியோவை இன்னிக்குப் போட வேண்டாம்னு நான் சொல்றேன். நான் சொன்னா கேப்பார்."

சொன்னாள். சாலையில் ஏறிய பிறகு பின்சீட்டிலிருந்து, காற்றோடு போட்டி போட்டுக்கொண்டு, இரண்டு முறை சொன்னாள்.

"என்னங்க, சாயங்காலம் அந்த வீடியோ வேணாங்க. அவன் தாளாளர் இருக்கார்."

"அட, மனுஷன்னா ஜோக்கைத் தாங்கணும்! உன் தம்பியை நான் பிரபலம் ஆக்கியிருக்கேன். அதுக்கு ஒரு நன்றி உண்டா உங்க குடும்பத்துல?"

முதுகிலிருந்த 'கேப்டன்' என்ற எழுத்துகள் அவள் மூக்குக்கு நேராகக் குதித்துக்கொண்டிருந்தன. அவள் கையால் தைத்தவை. கெட்டியாகத் தைத்திருந்தாள்.

---

மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியது லாரிக்காரர்கள் நிறுத்தும் ஒரு கடையில். உறுப்பினர்கள் கால்களை அகட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வீரநடை என்று நினைத்துவிட வேண்டாம். சீட்டில் உராய்ந்த தொடை அப்படித்தான் நடக்கும்.

அக்காவுக்கு எதிரே வீட்டுத் தரகர் உட்கார்ந்தார். போன வருடம் கடைசி வண்டி ஓட்டிய புண்ணியவான். கேப்டனுக்கு நெருங்கிய நண்பர். கேப்டன் பேச ஆரம்பிக்குமுன்பே சிரித்துவிடக் கூடியவர். கேப்டனோ தூரத்து மேஜையில் தாளாளரின் கடைவாய்ப் பல்லை இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இன்னிக்கு ராத்திரி வயிறு வலிக்கச் சிரிக்கப் போறோம். வீடியோவுக்குத் தலைவர் பாட்டெல்லாம் சேத்திருக்கார்."

"நீங்க மட்டும் அன்னிக்கு வழி தவறாம இருந்திருந்தா இந்த வீடியோவே இல்ல" என்றாள் அக்கா, ரொட்டியைப் பிய்த்தபடி.

"நானா? வழி தவறிட்டேனா?" தரகரின் தொழில் மானம் சீண்டப்பட்டது. "அண்ணி, இந்தப் பக்கம் எந்தச் சந்து எங்க போய் முட்டும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். தலைவர்தான் சாப்பிட்ட இடத்துல என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'முச்சந்திப் பக்கம் போகாதே, முன்னாடியே பழைய பாலத்து ரோடு பிரியுது பாரு, அதுல சுத்தி மேல வந்துடு. மாப்பிள்ளை எவ்வளவு நேரம் நிக்கிறான்னு பாப்போம்'னார். எனக்கே கொஞ்சம் மனசு கேக்கல. ஆனா..."

"ஆனா?"

"ஆனா சிரிப்பா இருந்துச்சு அண்ணி."

அக்கா ரொட்டியைத் தட்டில் வைத்தாள். விரல்களைத் துடைத்தாள், ஒவ்வொன்றாக. தரகர் மறுபடி முட்டையில் கவனமானார். பெரிதாக எதையும் சொல்லிவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை.

அவள் எழுந்து தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். தம்பி அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"உனக்கு அவர் முச்சந்தியில நிக்கணும். அவ்வளவுதானே?"

தம்பி ஈர முகத்தோடு நிமிர்ந்தான். "என்னக்கா ஆச்சு?"

"என் தலை இன்னும் இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றாள். பிறகு தரகர் சொன்னதைச் சொன்னாள். வேகமாக, நூலைப் பல்லால் கடித்து அறுப்பதுபோல. "டாங்குல எதையும் கலக்க வேணாம். அவர் டாங்குல என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியும்."

அவள் நேராகத் தாளாளர் இருந்த மேஜைக்குப் போனாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் எப்பவும் சொல்லுவார். தலைவன்னா முன்னாடி போறது பெரிசில்ல, எல்லாரையும் முன்னாடி அனுப்பிட்டு வெயில்ல தான் நிக்கிறதுதான் பெரிசுன்னு. இன்னிக்கு முச்சந்தியில அவரே நிக்கப் போறாராம். உங்களுக்குக் காட்டத்தான்."

கேப்டன் இதுவரை அப்படி எதையும் சொன்னதில்லை. ஆனால் கேட்கக் கேட்க, சொன்னதாகவே அவருக்கு நினைவு வந்தது.

"அப்படியா?" என்று தாளாளர் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒருத்தரா!"

கேப்டனின் வயிறு உள்ளே போனது. மார்பு வெளியே வந்தது. "சின்ன விஷயம் சார்" என்றார். சின்ன விஷயம் என்று அவர் நினைக்கவில்லை. முதல் வண்டிக்குத் தரகரை நியமித்து, தான் இரண்டாவதாக வருவதாக அறிவித்தார். கைதட்டல் கிடைத்தது.

"என்னங்க, உங்க சீட்டு இடுப்பைப் பிடிக்குது. நான் தம்பி வண்டியில வர்றேன். என் பை உங்க வண்டிப் பெட்டியிலேயே இருக்கட்டும்."

"வா, வா" என்றார் கேப்டன் பெருந்தன்மையாக. பின்சீட்டு காலியாகிறது, கம்பீரம் திரும்புகிறது. அவருக்கு எல்லாமே நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

---

முச்சந்திக்குச் சற்று முன்னால், மேட்டின் மேல், கைவிடப்பட்ட சுங்கச்சாவடி அலுவலகம் ஒன்று உண்டு. கடைசி வண்டி அங்கேயே திரும்பி, கட்டடத்தின் பின்னால் நின்றது. அக்காவும் தம்பியும் படியேறி மொட்டைமாடிக்குப் போனார்கள். அக்கா தன் சிவப்புத் தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். கீழே தூரத்தில் முச்சந்தி. ஊர்ப்பெயர்ப் பலகை மாட்டிய கம்பம். அதன் பக்கத்தில் கேப்டன்.

கை நீண்டிருந்தது.

"ஆரம்பிச்சாச்சு" என்றான் தம்பி. போனை எடுத்தான். எவ்வளவு பெரிதாக்கினாலும் படத்தில் கேப்டன் எறும்பாகவே இருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சரியான அளவில் தெரிந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வெயில் கொளுத்தியது. கேப்டன் நின்றார். கை மாற்றிக்கொண்டார். ஒரு கார் நின்று வழி கேட்டது. அவர் சல்யூட் அடித்து அனுப்பினார். அடுத்து வந்த வேனுக்கும் சல்யூட். சிறிது நேரத்தில் யாரும் கேட்காமலே போகிற வண்டிகளுக்கெல்லாம் வழி சொல்ல ஆரம்பித்தார்.

"அக்கா, அவருக்குப் பிடிச்சுப் போச்சு!" தம்பிக்கு அழுகையே வந்தது. "இவரை எதால அடிக்கிறது?"

"பொறு. யாரும் பாக்காதப்ப எவ்வளவு நேரம் தலைவரா இருக்கார்னு பாப்போம்."

தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். காலையில் அவனைத் தடுத்தவள் இவள்தானா? கண் இமைக்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது அப்படிப் பார்ப்பாள்.

"போதும்க்கா. எனக்குப் போதும். கூட்டிட்டு வந்துடலாமா?"

"உனக்குக் கை காட்டிக்கிட்டு நின்னது வலிச்சுது. எனக்குச் சத்தியம் வலிக்குது. உக்காரு."

மலையிலிருந்து லாரிகள் வரிசையாக இறங்கின. புழுதி எழும்பி முச்சந்தியை விழுங்கியது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேட்டைத் தாண்டிப் போக, இரைச்சலில் பேசக்கூட முடியவில்லை. புழுதி அடங்கியபோது கழுகு ஜாக்கெட் கம்பத்தருகே அப்படியே இருந்தது.

"கையை இறக்கிட்டார்!" தம்பி குதித்தான். "கடைசி வண்டி வராம கையை இறக்கிட்டார்! அக்கா, விதியை மீறிட்டார்!"

அவன் படம் எடுத்துத் தள்ளினான். அக்கா வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"அவர் வயிறு எங்கடா?"

"என்னது?"

"இவ்வளவு நேரம் யாராலயும் வயித்தை உள்ள இழுத்துப் பிடிக்க முடியாது. அவரால சத்தியமா முடியாது. அது வெறும் ஜாக்கெட்." அவள் குரல் தாழ்ந்தது. "கையையும் இறக்கல. நம்ம பக்கம் நீட்டியிருக்கு. அதான் தெரியல."

தம்பி கைப்பிடிச் சுவரைப் பார்த்தான். சிவப்புத் தலைக்கவசம் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. பின்னால் பார்க்காத மனிதர் மேலே பார்ப்பார் என்று யார் கண்டார்கள்?

---

முச்சந்தியில் வண்டி இல்லை. ஜாக்கெட் கம்பத்தில் பொத்தான் போட்டு மாட்டப்பட்டிருந்தது. வலது கைக்குள் ஒரு குச்சி, நுனியில் கையுறை. ஆள்காட்டி விரல் சுங்கச்சாவடி மொட்டைமாடியைக் குறிபார்த்து நின்றது. இவ்வளவு நுணுக்கமான வேலையை அவர் எந்தப் பல்லுக்கும் செய்ததில்லை.

கம்பத்தின் அடியில் அக்காவின் பை.

தூக்கி எறிந்திருந்தால்கூடக் கோபம் என்று விட்டிருக்கலாம். ஓரமாக, ஜிப்பை மூடி, நிமிர்த்தி வைத்திருந்தார். ரயில் நிலையத்தில் விருந்தாளியை இறக்கிவிட்டுப் போவதுபோல.

தம்பி பையின் பக்கத்தில் குந்தினான். "அக்கா, என்னாலதான்..."

"வாயை மூடு."

"மேல போய்ச் சேந்துட்டார்னா அவர்தான் முதல்ல கதை சொல்லுவார். பொண்டாட்டியும் மச்சானும் சேந்து நடுரோட்டுல விட்டுட்டாங்கன்னு மைக்ல சொல்லுவார். அப்புறம் வீடியோ. என்கிட்ட இருக்கிறது எறும்பு போட்டோ."

அக்கா பையைத் திறந்தாள். உள்ளே எப்போதும் இருக்கும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். கம்பத்திலிருந்து ஜாக்கெட்டை இறக்கி, கைக்குள்ளிருந்த குச்சியை உருவி எறிந்துவிட்டு, மைல்கல்லின் மேல் உட்கார்ந்து அதை மடியில் விரித்தாள். முதுகுப் பக்கம்.

முதலில் 'ன்' போனது. பிறகு 'ட'. கெட்டியான தையல். ஆனால் எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்று போட்டவளுக்குத் தெரியும். கடைசி எழுத்தின் நூலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தபோது வந்த சத்தத்தில் தம்பிக்கே உடம்பு கூசியது.

அவள் எழுந்து ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டாள். அவள் முதுகில் கழுகு கழுகாகவே இருந்தது.

"பின்னாடி உக்காரு. நான் ஓட்டுறேன்."

"மலை ரோட்டுல போனா அவரைப் பிடிக்க முடியாதுக்கா."

"மலை ரோடுன்னு யார் சொன்னா? போன வருஷம் உன்னை ஏமாத்தின ரோடு எங்க இருக்கு?"

பழைய பாலத்துச் சாலை மேட்டுக்கும் முச்சந்திக்கும் நடுவில், வளைவில் புதருக்குள் பிரிந்தது. அக்கா வண்டியைத் திருப்பிய வேகத்தில் தம்பி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் பிடித்த அதே பிடி.

சாலையின் வாயில் ஒரு தகரப் பலகை குப்புறக் கிடந்தது. அவள் நிறுத்தினாள். தம்பி இறங்கிப் புரட்டினான்.

'பாலம் உடைந்துள்ளது. வழி இல்லை.'

பலகையின் கால் பதிந்திருந்த குழியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. யாரோ சற்றுமுன்தான் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். சேற்றில் ஒற்றை மோட்டார் சைக்கிளின் தடம். அகலமான டயர். சங்கத்தில் அந்த டயர் ஒருவரிடம்தான் உண்டு. அதைப் பற்றியும் அவர் நிறையப் பேசியிருக்கிறார்.

"அக்கா, மாமா நமக்கு முன்னாடி மைக்கைப் பிடிக்கணும்னு இதுல போயிருக்கார்." தம்பி குனிந்து தடத்தைத் தேடிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தான். திரும்பி ஓடியே வந்தான். "போன தடம் மட்டும்தான் இருக்கு. வந்த தடம் இல்ல."

காட்டுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

அக்கா இன்ஜினை அணைக்கவில்லை. வெட்டியெடுத்த எழுத்துகளின் நூல்துணுக்குகள் இன்னும் அவள் விரல்களில் ஒட்டியிருந்தன.

"பழிவாங்கப் போறமா அக்கா, காப்பாத்தப் போறமா?"

"போற வழியில முடிவு பண்ணிக்கலாம்" என்றாள். "ஏறு."